வேண்டாவெறுப்பாக ஒரு சாதனை: டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்'

ஜப்பானிலிருந்து வந்த டேப்புகளை மிக்ஸிங் செய்ய, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளைச் சமன் செய்து சேர்க்க, உட்கார்ந்தபோது பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் ஐந்து பேரில் இரண்டே பேர்தான் வந்திருந்தார்கள். பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் குளோவர் ஒருவர், டிரம்ஸ் வாசித்த இயன் பேய்ஸ் இன்னொருவர். பாடகர் இயன் கில்லன், கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் மூவரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது ஜப்பான் சந்தைக்காக ஒப்புக்கொண்ட ஒரு வேலை, முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வேலைதான் 1972 டிசம்பரில் 'மேட் இன் ஜப்பான்' என்ற இரட்டை எல்பியாக (இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள்) வெளிவந்தது. ராக் இசையில் சிறந்த லைவ் ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் பெரும்பாலும் அதில் இது இருக்கும். உருவாக்கியவர்களே அக்கறை காட்டாத ஒன்று எப்படி மற்றவர்களுக்கு அளவுகோலாக ஆனது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. 'எல்லோரும் மேதைகள், அதனால் நன்றாக வந்தது' என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அதே ஐந்து பேர், அதே ஆண்டில், அதே ஒலிப்பதிவாளரோடு செய்த ஸ்டூடியோ ஆல்பமான 'ஹூ டூ வி திங்க் வி ஆர்' ஏன் சோர்ந்துபோய் ஒலிக்கிறது என்பதற்கு அந்த பதிலில் விளக்கம் இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: அக்கறை இல்லாததே இந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது. அழகுபடுத்த யாருக்கும் நேரமும் இல்லை, ஆசையும் இல்லை, பணமும் இல்லை. மேடையில் நடந்தது அப்படியே டேப்பில் தங்கிவிட்டது.

1972இல் குழு இருந்த நிலை

கில்லனும் குளோவரும் 1969இல் வந்து சேர்ந்த பிறகு அமைந்த ஐவர் அணியை ரசிகர்கள் 'மார்க் டூ' என்பார்கள். 1970இல் 'இன் ராக்', 1971இல் 'ஃபயர்பால்', 1972 மார்ச்சில் 'மெஷின் ஹெட்' என்று மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள். நடுவில் ஓய்வே இல்லாத சுற்றுப்பயணம். அமெரிக்காவுக்கு அந்த ஒரே ஆண்டில் திரும்பத் திரும்பப் போனார்கள். 'மெஷின் ஹெட்' பிரிட்டனில் முதலிடத்தைத் தொட்டது.

அந்த ஆல்பம் உருவான கதை ராக் கேட்பவர்களுக்கு மனப்பாடம். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரத்தில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவர் தீப்பொறி கிளப்ப, கேசினோ கட்டடமே எரிந்து போனது. டீப் பர்ப்பிள் ஒலிப்பதிவு செய்யவிருந்த இடம் அது. ஏரியின்மேல் படர்ந்த புகை 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டானது. கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வெளியே நிறுத்திப் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச். இடம் சரியில்லாவிட்டாலும், கருவி கைக்கு அடங்காவிட்டாலும் இந்த ஐவரின் ஓசையை டேப்பில் பிடிக்க முடியும் என்பதை அவர் அப்போதே காட்டிவிட்டார். ஜப்பானில் அது கைகொடுத்தது.

மேடையில் இந்தக் குழுவின் பெயருக்கு வேறு ஒரு அர்த்தமும் இருந்தது, சத்தம். 1972இல் லண்டன் ரெயின்போ அரங்கில் நடந்த கச்சேரியில் ஒலி 117 டெசிபலைத் தொட்டதாகக் கணக்கிட்டு, உலகிலேயே அதிகச் சத்தமான குழு என்று கின்னஸ் புத்தகம் பின்னர் பதிந்தது. லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கொடுத்து வாசிப்பவர். தேவாலயத்திலும் ஜாஸ் கிளப்பிலும் கேட்ட ஆர்கன் இல்லை இது. கிட்டாரோடு மல்லுக்கு நிற்கும், கரகரக்கும் ஒலி. இதை எப்படி வீட்டு ரெக்கார்ட் பிளேயரில் அடைப்பது? முடியாது என்பதுதான் குழுவின் எண்ணமாக இருந்தது. கள்ளப்பதிவுகள் நிறையவே உலவின. அதைத் தாண்டி அதிகாரபூர்வமான லைவ் ஆல்பம் என்றால் அவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

ஜப்பான் கேட்டது, குழு விதித்தது

ஜப்பானுக்கு அவர்கள் முதன்முதலாகப் போனது 1972 ஆகஸ்டில்தான். (ஒரு வேடிக்கை: 'வுமன் ஃப்ரம் டோக்கியோ' பாட்டை அதற்கு முந்தைய மாதமே ரோமில் பதிந்துவிட்டார்கள், டோக்கியோவைக் கண்ணால் பார்க்காமலேயே.) டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. ஜப்பானில் அவர்களுடைய ஆல்பங்களை விற்ற வார்னர் நிறுவனம், உள்ளூரில் மட்டும் விற்க ஒரு லைவ் ஆல்பம் தரும்படி கேட்டது.

குழு சில நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. ஒலிப்பதிவைத் தங்கள் ஆளான மார்ட்டின் பர்ச்தான் செய்ய வேண்டும். டேப்புகள் தங்கள் கைக்கு வர வேண்டும். தாங்கள் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் வெளியீடு. கேட்கும்போது இவை சாதாரண முன்னெச்சரிக்கை மாதிரி இருக்கும். ஆனால் இந்த நிகழ்வில் திருப்புமுனை இதுதான் என்று நினைக்கிறேன். நிபந்தனை போடாமல் விட்டிருந்தால், ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் முன்பின் தெரியாத ஒரு குழுவின் அதிரடியை அளவுமானி சிவப்பைத் தொடாத அளவுக்கு அடக்கிப் பதிவு செய்திருப்பார். ஜப்பானில் மட்டும் ஆயிரக்கணக்கில் விற்று, சேகரிப்பாளர்களின் அலமாரியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

அங்கே கிடைத்தது எட்டு டிராக் பதிவுக்கருவி, அதாவது எட்டு ஒலித்தடங்களை மட்டும் தனித்தனியாகப் பதியும் கருவி. அதைப் பார்த்துப் பர்ச்சுக்கே பெரிய நம்பிக்கை வரவில்லை. எட்டு டிராக் என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஆர்கன், குரல், கூட்டத்தின் ஓசை எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். டிரம்ஸின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி டிராக் ஒதுக்க வழியில்லை. பதிவாகும்போதே சமன் சரியாக இருந்தாக வேண்டும், பிறகு பிரித்தெடுத்துப் பழுது பார்க்க முடியாது. ஒருவருடைய மைக்கில் மற்றவருடைய சத்தம் வழியும். இவ்வளவு சத்தமான குழுவில் அந்தக் கசிவு கொஞ்சநஞ்சமாக இருக்காது. பாடகரின் வரியை மட்டும் தனியாக அழித்துவிட்டு லண்டனில் மறுபடி பாட வைத்தால், பழைய குரலின் நிழல் டிரம்ஸ் மைக்கில் நின்றுகொண்டிருக்கும்.

மொத்தச் செலவு மூவாயிரம் டாலர் அளவுதான் ஆனது என்று குழுவினர் பின்னாளில் சொன்னார்கள். இரட்டை எல்பிக்கு அது சில்லறைக் காசு.

மூன்று இரவுகள்

ஆகஸ்ட் 15, 16 இரண்டு நாளும் ஒசாகாவில். 17 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோகான். புடோகான் 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிக்காகக் கட்டப்பட்டது. 1966இல் பீட்டில்ஸ் அங்கே பாட வந்தபோது, தற்காப்புக் கலைக்கான இடத்தில் ராக் இசையா என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆறு ஆண்டுகளில் நிலைமை மாறியிருந்தது.

மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் பாட்டுகள் வந்தன. ஆல்பத்தில் இருக்கும் ஏழு பாட்டுகள் வெவ்வேறு இரவுகளைச் சேர்ந்தவை. 'ஹைவே ஸ்டார்', 'சைல்ட் இன் டைம்', 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்', 'ஸ்பேஸ் டிரக்கின்' நான்கும் 16ஆம் தேதி. 'த மியூல்', 'லேஸி' இரண்டும் டோக்கியோ. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' மட்டும் முதல் நாள், 15ஆம் தேதி. அதற்கான காரணம் சிரிப்பு வரவழைக்கும்: மற்ற இரவுகளில் பிளாக்மோர் அந்தத் தொடக்க ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டு) சரியாக வாசிக்கவில்லை. கிட்டார் பிடிக்கக் கற்பவர்கள் எல்லோரும் முதலில் வாசித்துப் பார்க்கும் அந்த ரிஃபை, உண்டாக்கியவரே தடுமாறி வாசித்திருக்கிறார்.

டோக்கியோ கச்சேரிதான் மூன்றிலும் சிறந்தது என்று குழு நினைத்தது. பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் ஜப்பானிய இளைஞர்கள் 'சைல்ட் இன் டைம்' பாட்டைக் கூடவே பாடியதை குளோவர் பல ஆண்டுகள் கழித்தும் நினைவுகூர்ந்தார். ஆனால் ஆல்பத்தில் இருப்பது ஒசாகாவின் 'சைல்ட் இன் டைம்'. புடோகானின் பரந்த உள்வெளி ஒலிப்பதிவுக்கு ஒத்துழைக்கவில்லை. மேடையில் நின்றவனுக்குக் கிடைத்த அனுபவமும் டேப்பில் விழுந்த ஒலியும் ஒன்றல்ல. குளோவரும் பேய்ஸும் டேப்பின் பக்கம் நின்றார்கள். தன் வாழ்க்கையின் பெரிய இரவு என்று தான் கருதிய ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டு, நன்றாக ஒலிப்பதைத் தேர்ந்தெடுப்பது எளிதான காரியம் இல்லை.

ஆக, இது ஒரே இரவின் கச்சேரி இல்லை. மூன்று இரவுகளிலிருந்து பொறுக்கி அடுக்கியது. ஆனால் குரலையோ கிட்டாரையோ ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து ஒட்டவில்லை என்பதைக் குழு தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறது. அதை மறுக்கும்படி எதையும் நான் இதுவரை கேட்கவில்லை. ஒலி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும் விதமும் நேர்மையானது. பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதுபோல லார்டின் ஆர்கன் இடப்பக்கம், பிளாக்மோரின் கிட்டார் வலப்பக்கம். ஹெட்போனில் கேட்டால் இருவரும் நடத்தும் சண்டையைக் காதால் பார்க்கலாம்.

கேட்டுப் பார்த்தால்

'ஹைவே ஸ்டார்' தொடங்கும் விதத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டூடியோ பதிவில் அது சீக்கிரமே வேகம் பிடித்துப் பாய்கிறது. இங்கே அப்படி இல்லை. பேய்ஸ் ஸ்னேர் டிரம்மில் தட்டிக்கொண்டே இருக்கிறார், ஆர்கன் உறுமுகிறது, கிட்டார் சுருதி பார்க்கிறதா வாசிக்கத் தொடங்கிவிட்டதா என்று தெரியவில்லை, கில்லன் இரண்டு வார்த்தை பேசுகிறார். கச்சேரி எந்த நொடியில் ஆரம்பித்தது என்று சுட்டிக்காட்ட முடியாது. தயாரிப்பாளர் ஒருவர் பொறுப்பாக உட்கார்ந்திருந்தால் இந்த முன்பகுதியை வெட்டியிருப்பார். வெட்டாததால் கேட்பவரும் அரங்கத்துக்குள் கூடவே நுழைந்துவிடுகிறார்.

'சைல்ட் இன் டைம்' பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல். அதன் ஆர்கன் இழை சான் ஃபிரான்சிஸ்கோவின் 'இட்ஸ் எ ப்யூட்டிஃபுல் டே' குழு 1969இல் வெளியிட்ட 'பாம்பே காலிங்' என்ற இசைத்துண்டிலிருந்து எடுத்தது, கில்லனே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். மெதுவாகத் தொடங்கி, சொல்லே இல்லாமல் குரல் மூன்று படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் இதற்குமேல் முடியாது என்று தோன்றும்போது கில்லன் அடுத்ததற்குப் போய்விடுகிறார். 1970இல் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசை ஆல்பத்தில் இயேசுவாகப் பாடியவர் அவர்தான் என்பது இங்கே நினைவுக்கு வரும். இந்தப் பாட்டில் நான் அதிகம் மதிப்பது கூட்டத்தின் மௌனத்தை. மெல்லிய பகுதிகளில் ஜப்பானிய ரசிகர்கள் விசில் அடிக்கவில்லை, கத்தவில்லை, உட்கார்ந்து கேட்டார்கள். அதனால் மேடையின் மிகச் சிறிய ஓசைகூட மைக்கில் விழுந்தது. இதே குழுவின் அமெரிக்கக் கச்சேரிகளின் கள்ளப்பதிவுகளில் இந்த இடங்கள் கூச்சலில் மூழ்கிப்போகின்றன.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டில் ரிஃப் தனியாக வருகிறது. பிளாக்மோர் அதை நேராக வாசிக்காமல் கொஞ்சம் சீண்டி வாசிக்கிறார். கைதட்டத் தொடங்கும் கூட்டம் தடுமாறுகிறது. பிறகு ஹை-ஹேட் (டிரம்ஸோடு சேர்ந்த ஜோடித் தாளத்தட்டு), டிரம்ஸ், பேஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. முடிவில் ஸ்டூடியோ பதிவில் இல்லாத ஒரு பகுதி: ஆர்கனும் கிட்டாரும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. ஐந்தே முக்கால் நிமிடத்துக்குள் அடங்கிய பாட்டு ஏழரை நிமிடமாக வளர்ந்தது இப்படித்தான்.

அந்தப் பேச்சு முற்றிப்போய் வாக்குவாதமாவது 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டில். 1971இல் சிறு தட்டாக வந்தபோது நாலு நிமிடம்கூட இல்லை. இங்கே பத்து நிமிடத்தை நெருங்குகிறது. பிளாக்மோர் ஒரு சிறு சங்கதியை வீசுகிறார், கில்லன் குரலால் அதைத் திருப்பி எறிகிறார். அடுத்தது இன்னும் சிக்கலாக வருகிறது, அதையும் பிடித்துவிடுகிறார். கிட்டார் எகிறிப்போகிறது, குரலும் எகிறுகிறது. கடைசியில் கில்லன் ஒரே அலறலில் கிட்டாரை வாயடைக்க வைக்கிறார். கூட்டம் சிரிக்கிறது, கைதட்டுகிறது. இருவருக்கும் நடுவே அப்போது மேடைக்குக் கீழே பேச்சே குறைந்துகொண்டிருந்தது என்பது தெரிந்து கேட்டால் இந்த விளையாட்டுக்குள் இருக்கும் விஷமும் காதில் விழும். அந்த ஆண்டு முடிவதற்குள் கில்லன் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். ஸ்டூடியோவில் அந்தப் பகை 'ஹூ டூ வி திங்க் வி ஆர்' ஆல்பத்தை உலர்த்தியது. மேடையில் அதே பகை எரிபொருள் ஆனது. காரணம் எளிது. ஸ்டூடியோவில் ஒருவர் வந்து வாசித்துவிட்டுப் போகலாம், மற்றவர் அடுத்த நாள் வரலாம். மேடையில் எதிரே நிற்பவன் எறிவதை அந்த நொடியிலேயே பிடித்தாக வேண்டும்.

'த மியூல்' என்பது பேய்ஸின் தனி ஆவர்த்தனம். நம் ஊரில் தனி வந்ததும் காப்பி குடிக்க எழுந்து போகிறவர்கள் இங்கேயும் எழுந்து போவார்கள். நான் உட்கார்ந்து கேட்பவன் என்றாலும் ஆறு நிமிட டிரம்ஸ் கொஞ்சம் அதிகம்தான். பேய்ஸ் இடக்கைக்காரர். வேகத்தைவிட அவருடைய தெளிவுதான் ஆச்சரியம், எட்டு டிராக் நெரிசலிலும் ஒவ்வொரு அடியும் தனித்து விழுகிறது.

'லேஸி' இளைப்பாறுதல். லார்ட் ஆர்கனைக் கிள்ளி, முனக வைத்து, நெடுநேரம் விளையாடிவிட்டுத்தான் பாட்டுக்கு வருகிறார். நடுவில் ஸ்வீடன் இசையமைப்பாளர் ஹூகோ ஆல்ஃபேனின் ராப்ஸடி மெட்டை பிளாக்மோர் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறார். கில்லன் மவுத் ஆர்கனை எடுக்கிறார்.

நான்காம் பக்கம் முழுவதும் 'ஸ்பேஸ் டிரக்கின்', இருபது நிமிடம். 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் நாலரை நிமிடமே இருந்த இந்தப் பாட்டை அவர்கள் கச்சேரியின் முடிவுரையாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டு சீக்கிரமே முடிந்துவிடுகிறது. அதன்பின் முதல் ஆல்பத்துப் பாட்டான 'மேன்ட்ரேக் ரூட்' கச்சேரிகளில் வளர்த்தெடுத்த நீண்ட இசைப்பகுதி இதன் வாலில் ஒட்டிக்கொள்கிறது. லார்ட் தன் சோலோவில் குஸ்டவ் ஹோல்ஸ்டின் 'ஜூபிடர்' மெட்டை இழுத்து வருகிறார். 'ஃபூல்ஸ்' பாட்டிலிருந்து, ஒலிக்குமிழைத் திருகித் திருகிக் கிட்டாரை செல்லோபோல ஒலிக்க வைக்கும் பகுதியும் வருகிறது. சில இடங்களில் இது தேங்கி நிற்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் தேங்கியதையும் வெட்டாமல் விட்டதால், அடுத்து எங்கே போவது என்று ஐந்து பேரும் தேடுவது கேட்கிறது. பாட்டு என்பது ஸ்டூடியோவில் முடிந்துபோன பொருள் அல்ல, ஒவ்வொரு இரவும் மறுபடி செய்யவேண்டிய வேலை என்று இந்தக் குழு நம்பியதற்கு இந்தப் பக்கம்தான் சாட்சி.

மேடையில் மானிட்டர் ஒலியை (வாசிப்பவர்கள் தங்கள் வாசிப்பைக் கேட்க வைக்கும் ஒலிபெருக்கியின் ஒலி) பற்றி நடக்கும் ஒரு சிறு பேச்சும் ஆல்பத்தில் இருக்கிறது. எல்லாமே மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வேண்டும் என்ற வேண்டுகோள். பின்னாளில் மீட் லோஃப் அதையே ஒரு பாட்டின் தலைப்பாக்கினார், மோட்டார்ஹெட் லேசாக மாற்றி ஒரு லைவ் ஆல்பத்துக்குப் பெயர் வைத்தது.

வெளியீடும் விளைவும்

ஜப்பானில் 'லைவ் இன் ஜப்பான்' என்ற பெயரில், வேறு அட்டையோடு வந்தது. டேப்பைக் கேட்டபின் பிரிட்டனிலும் வெளியிடலாம் என்று முடிவாயிற்று. அட்டையை வடிவமைத்தவர் குளோவர். 'மேட் இன் ஜப்பான்' என்று பெரிதாக எழுதிய அந்த அட்டையின் முகப்பில் இருக்கும் புகைப்படம் ஜப்பானில் எடுத்ததல்ல, லண்டன் கச்சேரியில் எடுத்தது. பிரிட்டனில் இரட்டை எல்பியைக் கிட்டத்தட்ட ஒற்றை எல்பி விலைக்கு விற்றார்கள். அங்கே 16ஆம் இடம்வரை போனது.

அமெரிக்காவில் புதிய ஸ்டூடியோ ஆல்பத்துக்கு வழிவிட இதைத் தள்ளிவைத்து 1973 ஏப்ரலில் வெளியிட்டார்கள். அந்நாட்டு விற்பனைத் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் 6ஆம் இடம். இதைவிடப் பெரிய விளைவு வேறொன்று. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' வெளிவந்து ஓராண்டு ஆகியும் தனித்தட்டாக வரவில்லை. 'மெஷின் ஹெட்' ஆல்பத்திலிருந்து தனித்தட்டாக நிறுவனம் தேர்ந்தெடுத்தது 'நெவர் பிஃபோர்' என்ற, இன்று பலருக்கு நினைவில்லாத பாட்டை. 1973 கோடையில் ஒருபுறம் சுருக்கிய ஸ்டூடியோ வடிவம், மறுபுறம் ஜப்பான் வடிவம் என்று 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தட்டு வந்தது. அமெரிக்காவில் நான்காம் இடத்தைப் பிடித்தது, பழைய 'மெஷின் ஹெட்' ஆல்பத்தையும் மறுபடி மேலே இழுத்துக்கொண்டு போனது.

அதே கோடையில் குழு உடைந்தது. 1973 ஜூன் 29, கில்லனும் குளோவரும் கடைசியாக மேடை ஏறிய நாள். இடம் ஒசாகா. மார்க் டூ மறுபடி ஒன்றுசேர 1984 ஆனது.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்

'மேட் இன் ஜப்பான்' முதல் பெரிய லைவ் ஆல்பம் இல்லை. 1970 பிப்ரவரி 14 அன்று த ஹூ குழு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வாசித்தது அந்த ஆண்டே ஆல்பமாக வந்துவிட்டது. இறுக்கத்தில் அது இதைவிட மேல் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். 1971 மார்ச்சில் ஆல்மன் பிரதர்ஸ் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்டில் பதிந்தது நீண்ட கற்பனை வாசிப்புக்கு இலக்கணம். டீப் பர்ப்பிள் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஹூவின் முரட்டுத்தனமும் ஆல்மன்களின் நீளமும் இங்கே ஒரே தட்டில் கிடைக்கின்றன, கூடவே ஐரோப்பியச் செவ்விசையின் வாடையும்.

இதற்குப் பின் வந்த பல லைவ் ஆல்பங்களில் ஸ்டூடியோ வேலை புகுந்துகொண்டது. கிஸ் குழுவின் 1975 'அலைவ்!' ஆல்பத்தில் பின்னர் சேர்த்தவை கணிசம். தின் லிஸியின் 1978 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' ஆல்பத்தில் பெரும்பகுதி மறுபடி வாசித்தது என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொன்னார், குழுவினர் கடுமையாக மறுத்தார்கள். அந்த வழக்கு இன்றுவரை ஓயவில்லை. அந்த ஆல்பங்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை, 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' எனக்குப் பிடித்தது. ஆனால் அங்கே கேட்கும் ஒரு சிறப்பான சோலோ அன்றைய இரவில் நடந்ததா என்று கேள்வி எழுந்துகொண்டே இருக்கிறது. 'மேட் இன் ஜப்பான்' கேட்கையில் அந்தக் கேள்வி எழுவதில்லை. கில்லனின் மூன்றாம் படி அலறல் அந்த நொடியில் உண்மையிலேயே நடந்தது. அதனால்தான் அதைக் கேட்கையில் இன்னமும் வயிறு பிசைகிறது.

ஜப்பானுக்கும் ராக் லைவ் ஆல்பத்துக்கும் உள்ள உறவை இந்தத் தட்டு உறுதிப்படுத்தியது என்றும் சொல்ல வேண்டும். 1978 ஏப்ரலில் சீப் டிரிக் குழு புடோகானில் பதிந்ததும் ஜப்பானுக்கு மட்டும் என்று தொடங்கி, இறக்குமதித் தட்டுகள் அமெரிக்காவில் விற்றுத் தள்ளியதால் அங்கேயும் வெளியிட வேண்டிவந்த கதைதான். 1981இல் நகோயாவில் பதிந்த தட்டுக்கு அயர்ன் மெய்டன் 'மெய்டன் ஜப்பான்' என்று பெயர் வைத்தது நேரடி வணக்கம். அதே ஆண்டு முதல் அயர்ன் மெய்டனின் தயாரிப்பாளர் ஆனவர் மார்ட்டின் பர்ச். 1985இல் அவர்களுடைய 'லைவ் ஆஃப்டர் டெத்' ஆல்பத்தையும் அவரே செய்தார், லைவ் ஆல்பங்களின் பட்டியலில் அதுவும் தவறாமல் இடம்பெறும். 2006இல் டிரீம் தியேட்டர் குழு ஒசாகாவிலேயே இந்த ஏழு பாட்டையும் அதே வரிசையில் வாசித்துக் காட்டியது. திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் 1972இல் அந்த நொடியில் தோன்றிய சங்கதிகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும்போது பாதி உயிர் போய்விடுகிறது, இது டிரீம் தியேட்டரின் குற்றம் இல்லை.

எந்தப் பதிப்பு?

1993இல் மூன்று நாள் கச்சேரிகளின் பெரும்பகுதியை மூன்று குறுந்தகடுகளில் 'லைவ் இன் ஜப்பான்' என்று வெளியிட்டார்கள். ஆய்வுக்கு அது பொக்கிஷம். ஒரே பாட்டு மூன்று இரவுகளில் மூன்று விதமாகப் போவதையும், குளோவர், பேய்ஸ் இருவரின் தேர்வு எவ்வளவு கறாரானது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். ஒசாகா முதல் நாள் இறுக்கமாக இருக்கிறது, இரண்டாம் நாள் கைகள் இளகிவிட்டன. டோக்கியோ துள்ளுகிறது, ஆனால் ஒலி தள்ளி நிற்கிறது. ஒரு தேர்வில்தான் எனக்கு முரண்பாடு: 'சைல்ட் இன் டைம்' பாட்டுக்கு, ஒலிக்குறையைப் பொறுத்துக்கொண்டாவது, டோக்கியோவைச் சேர்த்திருக்கலாம்.

1998 பதிப்பில் கூடுதல் தகடு ஒன்று உண்டு. ரசிகர்கள் கேட்டு மறுபடி மேடையேறி வாசித்த 'பிளாக் நைட்', 'ஸ்பீட் கிங்', 'லூசில்' மூன்றும் அதில் இருக்கின்றன. 2014இல் இன்னும் விரிவான பெட்டிகள் வந்தன. சேகரிப்பாளருக்கு அவை தேவைப்படலாம். புதிதாகக் கேட்பவருக்கு அந்த ஏழு பாட்டுகள் போதும். ஹெட்போனைச் சரியான காதில் மாட்டிக்கொண்டு 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், பிறகு முதல் பக்கம். 'ஸ்பேஸ் டிரக்கின்' பாட்டை முதல் நாளே கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை.